பிரிஸ்டல் கிளிஃப்டன் தொங்கு பாலம்: கீழே நின்று அண்ணாந்து பார்க்காமல் நேராக மேலே போவது எப்படி?

இந்தப் பாலத்துக்கு மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை போனதைப் 'போனேன்' என்று சொல்ல முடியாது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அழைத்துக்கொண்டு, பாலத்துக்கு நேர் கீழே ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் இருபது நிமிடம் நின்றேன். பக்கத்தில் ஆறு இருந்தது, ஆற்றில் தண்ணீர் இல்லை. இரண்டு தவறையும் ஒரே நாளில் செய்துவிட்டேன். நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு. விசா, தங்குமிடம் எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: பிரிஸ்டலுக்கு வருவது

லண்டன் பேடிங்டனில் ரயில் ஏறினால் டெம்பிள் மீட்ஸ் நிலையம் வரை சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், அன்றைக்கு வாங்கினால் கை சுடும். பேடிங்டனிலிருந்து வரும் இந்த ரயில் பாதையை அமைத்ததும், பாலத்தை வடிவமைத்ததும் ஒரே ஆள்தான்: இசம்பார்ட் கிங்டம் புரூனல்.

படி 2: மேப்பில் எதைத் தட்டச்சு செய்வது (இங்கேதான் நான் விழுந்தேன்)

பாலம் ஏவன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் இரண்டு பாறை விளிம்புகளை இணைக்கிறது. கிழக்கு விளிம்பில் கிளிஃப்டன், மேற்கு விளிம்பில் லீ வுட்ஸ் என்ற காடு. ஆறு நிறைந்து ஓடும்போதே நீர்மட்டத்திலிருந்து சாலைத்தளம் 75 மீட்டர் உயரம். அதாவது இருபது மாடிக்கும் மேலே. மேப்பைத் தட்டையாகப் பார்க்கும்போது இந்த 75 மீட்டர் கண்ணில் படாது.

நான் பாலத்தின் நடுவில் விரலை அழுத்திப் புள்ளி வைத்தேன். கார் ஓட்டுநர் எங்களைப் புள்ளிக்கு மிகச் சரியாகக் கொண்டுபோய் இறக்கினார். ஆனால் இறக்கியது ஹாட்வெல்ஸ் பக்கம், ஆற்றங்கரைச் சாலையில். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்ப்பா, பாலம் மேல இருக்கு, நாம எதுக்குக் கீழ நிக்கிறோம்?"

அங்கிருந்து மேலே ஏற ஒரு நடைபாதை உண்டு. பெயரே ஜிக்ஜாக். பெயருக்கேற்றபடி வளைந்து வளைந்து பாறைச் சரிவில் ஏறி சயன் ஹில் தெருவில் கொண்டுபோய் விடும். நல்ல முட்டி உள்ளவர்களுக்குப் பதினைந்து நிமிடம். எங்களுக்கு நாற்பது ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் அம்மா நின்று, இன்னும் எத்தனை என்று கேட்டாள். இதுதான் கடைசி என்று நான்கு முறை பொய் சொன்னேன்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். மேப்பில் பாலத்தின் மீது புள்ளி வைக்காதீர்கள். 'சயன் ஹில், கிளிஃப்டன்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். மறுகரையில் இறங்க வேண்டுமென்றால் பாலத்தின் பார்வையாளர் மையத்தின் பெயரைக் கொடுங்கள். இரண்டுமே மேல் மட்டத்தில் இருப்பவை. டாக்ஸியைவிடப் பேருந்துதான் என் கட்சி. இரண்டாம் முறை டெம்பிள் மீட்ஸ் வாசலிலேயே 8-ஆம் எண் பேருந்தில் ஏறினேன். வங்கி அட்டையைத் தட்டி உட்கார்ந்தால், கிளிஃப்டன் வில்லேஜ் கடைத்தெருவில் இறங்கிப் பத்து நிமிட நடை. பேருந்து மேட்டுக்குப் போவதால் நம்மைக் கீழே கொண்டுபோய் விட்டுவிடுவார்களோ என்ற பயமே வேண்டாம்.

படி 3: ஆற்றில் தண்ணீர் இருக்கும் நேரம் பார்ப்பது

படங்களில் பாலத்துக்குக் கீழே ஆறு ததும்பி நிற்கும். நாங்கள் பார்த்ததோ பழுப்புச் சேறு, அதன் நடுவே வாய்க்கால் மாதிரி ஒரு கோடு. வறட்சியோ என்று நினைத்தேன். இல்லை. ஏவன் ஆறு கொஞ்ச தூரத்தில் ஏவன்மவுத்தில் கடல் கழிமுகத்தைச் சேருகிறது. உலகிலேயே ஓதத்தின் (கடல்நீர் தினமும் ஏறி வற்றுவதன்) ஏற்ற இறக்கம் மிக அதிகமாக உள்ள இடங்களில் அதுவும் ஒன்று. பெரிய ஓத நாட்களில் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே 12 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அந்த ஏற்ற இறக்கம் பாலத்தடி வரை வரும்.

இணையத்தில் 'ஏவன்மவுத் ஓத நேரம்' என்று ஆங்கிலத்தில் தேடினால் அட்டவணை கிடைக்கும். உயர் ஓத நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் பாலத்தருகே இருப்பதுபோல் திட்டமிடுங்கள். சில அட்டவணைகள் ஜிஎம்டி (பிரிட்டனின் குளிர்கால நேரம்) கணக்கில் இருக்கும், கோடைக்காலத்தில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அட்டவணையே வேண்டாம், குத்துமதிப்பாகப் போதும் என்பவர்களுக்கு நம் தினசரிக் காலண்டர் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஆறு காலை ஏழு முதல் ஒன்பதுக்குள்ளும், மாலையில் அதே நேரத்திலும் நிறையும். மதியம் சேறுதான். அஷ்டமி தாண்டிப் போனால் மதிய வாக்கில் தண்ணீர் இருக்கும், ஆனால் ஏறும் அளவு குறைவு. நாங்கள் போனது பௌர்ணமிக்கு மறுநாள், மதியம் ஒரு மணி. இதை வீட்டுக்கு வந்து சொன்னபோது, "காலண்டரக் கிழிச்சப்பவே பாத்திருக்கலாமே" என்றாள் அம்மா.

சேறும் ஒரு காட்சிதான் என்று சிலர் சொல்வார்கள். வெயிலில் மினுங்கும் என்பது உண்மை. முதல் முறை போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: பாலத்தைக் கடப்பது

நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் கட்டணம் இல்லை. கிளிஃப்டன் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கோபுரங்களுக்கு இடையே 214 மீட்டர். வேகமாக நடந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், அதனால் வேகமாக நடக்காதீர்கள்.

முதலில் கோபுரத்தருகே நின்று மேலே பாருங்கள். சங்கிலி உச்சியிலிருந்து இறங்கும். அதிலிருந்து சாலைத்தளத்தைத் தாங்கும் கம்பிகள் பக்கத்துக்கு 81. ஓரத்துக் கம்பி சுமார் 20 மீட்டர் நீளம். நடக்க நடக்கக் கம்பி குட்டையாகிக்கொண்டே வரும். நடுப்பகுதியில் ஒரு மீட்டர்கூட இருக்காது. அங்கே சங்கிலி உங்கள் அருகிலேயே வந்துவிடும். தட்டையான இரும்புப் பட்டைகளை அடுக்கி, முனையில் பெரிய ஆணி கோத்திருப்பது தெளிவாகத் தெரியும். கம்பிவடம் என்று நினைத்துப் போனேன், சைக்கிள் செயின் மாதிரி இருக்கிறது. அந்த இடத்தில் நிற்கும்போது ஒரு கார் கடந்தால் தளம் லேசாக அதிரும். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பயப்பட ஒன்றுமில்லை, தொங்கு பாலம் என்றால் அசையத்தான் செய்யும்.

அந்தச் சங்கிலிக்கு ஒரு கதை உண்டு. 1754-இல் இறந்த வில்லியம் விக் என்ற ஒயின் வணிகர், இங்கே பாலம் கட்ட 1,000 பவுண்டு எழுதிவைத்தார். வட்டி சேர்ந்து 10,000 ஆனதும் கட்டுங்கள் என்பது ஏற்பாடு. போட்டி வைத்து 1831-இல் புரூனலின் வடிவம் தேர்வானபோது அவருக்கு வயது 24. அதே ஆண்டில் வேலை தொடங்கியது, ஊரில் கலவரம் வந்து நின்றது. மறுபடி தொடங்கி, கோபுரங்கள் எழும்பி, 1843-இல் பணம் தீர்ந்தது. வாங்கி வைத்த இரும்பையும் விற்றுவிட்டார்கள். சங்கிலியில்லாத இரண்டு கோபுரங்கள் மட்டும் பள்ளத்தாக்கின் இருபுறமும் ஆண்டுக்கணக்காக நின்றன. 1859-இல் புரூனல் இறந்துபோனார். அதன்பிறகே ஹாக்ஷா, பார்லோ என்ற இரண்டு பொறியாளர்கள் இதைக் கையிலெடுத்தார்கள். லண்டனில் புரூனலே கட்டியிருந்த ஹங்கர்ஃபோர்ட் நடைபாலத்தை அப்போது இடித்திருந்தார்கள். அந்தச் சங்கிலிகளை வாங்கி வந்து இங்கே மாட்டினார்கள். 8 டிசம்பர் 1864-இல் திறப்பு. ஊரின் அடையாளமே செகண்ட் ஹேண்ட் சங்கிலியில் தொங்குகிறது. சாலைத்தளத்தையும் அவர்கள் இருவரும் மாற்றியமைத்தார்கள், அதனால் இதைப் புரூனல் பாலம் என்று மட்டும் சொல்வது அந்த இருவருக்கும் அநியாயம் என்பேன்.

படி 5: மறுகரை

லீ வுட்ஸ் பக்கம் பார்வையாளர் மையம், இலவசம். சிறியதுதான், அரை மணி போதும். அந்தப் பக்கக் கோபுரம் நிற்கும் பிரம்மாண்டமான கல் மேடை முழுக்கக் கல்லால் நிரம்பியது என்றே நினைத்திருந்தார்கள். 2002-இல்தான் உள்ளே 12 அறைகள் இருப்பது தெரிந்தது. சில 11 மீட்டர் உயரம். வழிகாட்டியோடு உள்ளே போகலாம், ஆனால் முன்பதிவு அவசியம். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

படி 6: படம் எடுப்பது

காலையில் என்றால் சயன் ஹில். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், பாலம் முழுதாக விழும். பாலத்துக்கு வடக்கே குன்றின்மேல் பழைய வானாய்வுக் கோபுரம் இருக்கிறது, பலரும் அங்கேதான் கூடுவார்கள். மதியத்தில் அங்கிருந்து எடுத்தால் வெயில் லென்ஸுக்குள்ளேயே அடிக்கும். செல்ஃபி குச்சியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். மேட்டில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், பாலத்தின் நடுவில் அதைப் பிடித்திருப்பதே வேலையாகிவிடும். குன்றின் சரிவில் ஒரு பாறை உண்டு, பல தலைமுறைக் குழந்தைகள் சறுக்கிச் சறுக்கிக் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிட்டது. பழைய கால்சட்டை போட்டுவிடுங்கள்.

பிற்சேர்க்கை 1: தள்ளுவண்டியோடு போகலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பாலத்தில் தாராளமாக. ஜிக்ஜாக் பாதையில் வேண்டாம். வானாய்வுக் கோபுரத்திலிருந்து பாறைக்குள் இறங்கிக் குகைக்குப் போகும் சுரங்கப் படிகள் குறுகலானவை, அதிலும் வேண்டாம். நான் அம்மாவை மேலேயே உட்காரவைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

பிற்சேர்க்கை 2: காரில் போனவர் ஒருவர், கட்டணம் தெரியாமல் தடுப்புக்கு முன்னால் சில்லறை தேடி, பின்னால் வரிசை சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். கார் ஒரு முறை கடக்க நான் போனபோது ஒரு பவுண்டு, அட்டையையும் வாங்கிக்கொள்கிறார்கள். 4 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குடும்பமாக வேன் எடுத்து வருகிறவர்கள் எடையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.