பிரவுன்ஸ்டோன் வீட்டுக்குக் குடிபோகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க்கில் வேலை கிடைத்துப் போகிறவர்கள் புரூக்ளினின் பார்க் ஸ்லோப், ஃபோர்ட் கிரீன் பக்கம் ஒரு முறை நடந்தால் போதும், அங்கேயே குடியிருக்க ஆசை வந்துவிடும். பழுப்பு நிற மணற்கல் முகப்பு, தெருவிலிருந்து ஏறும் உயரமான படிக்கட்டு, வரிசையாக மரங்கள். அந்தக் கல்லின் பெயரால்தான் இவற்றை பிரவுன்ஸ்டோன் வீடுகள் என்கிறார்கள். அந்த அழகில் மயங்கிக் கையெழுத்துப் போடுவதுதான் முதல் தவறு. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கல், செங்கல் சுவரின் மேல் பதித்த ஒரு அடுக்கு மட்டுமே. உள்ளே இருப்பது, ஒரே குடும்பத்துக்காக 19-ஆம் நூற்றாண்டில் கட்டி, பிற்பாடு மாடிக்கு ஒரு குடித்தனமாகப் பிரித்த பழைய வீடு.

அதனால் வாசலில் நின்று முதலில் அழைப்பு மணிகளை எண்ணுங்கள்; பொதுவாகக் குடித்தனத்துக்கு ஒரு மணி இருக்கும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 1974-க்கு முன் கட்டிய, ஆறு அல்லது அதற்கு மேல் குடித்தனங்கள் உள்ள கட்டடம் என்றால், வாடகை உயர்வுக்கு அரசு வரம்பு இருக்க வாய்ப்பு உண்டு. பிரவுன்ஸ்டோன்களில் பெரும்பாலும் மூன்று, நான்கு மணிகள்தான் இருக்கும். அங்கே அந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடையாது. ஆறு மணி இருந்தால், குடிபோன பிறகு மாநில வீட்டுவசதித் துறையிடம் உங்கள் வீட்டின் வாடகை வரலாற்றைக் கேட்டு வாங்கலாம். இலவசம்தான்.

அடுத்தது, எந்தத் தளம் என்று யோசிக்காமல் வாடகையை மட்டும் பார்ப்பது. படிக்கட்டுக்குக் கீழே உள்ள வீடு மலிவாக வரும். அதன் உயரத்தில் பாதிக்கு மேல் தெரு மட்டத்துக்குக் கீழே இருந்தால் சட்டப்படி அது நிலவறை. ஓரிரு குடும்ப வீடுகளின் நிலவறையில் பொதுவாக யாரையும் குடிவைக்கக் கூடாது. 2021 செப்டம்பரில் ஐடா புயல் மழையின்போது அந்நகரில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இப்படித் தரைக்குக் கீழே குடியிருந்தவர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம்.

நடுத்தளங்களில் தொல்லை சத்தம். மரத்தளம் என்பதால் மேல்வீட்டுக் குழந்தை ஓடினால் உங்கள் தலைக்கு மேல் ஓடுவது போலவே கேட்கும். காலையில் எல்லோரும் வேலைக்குப் போன நேரத்தில் வீடு பார்த்தால் இது தெரியாது. சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

ஜன்னலை ஏற்றி இறக்கிப் பாருங்கள். நியூயார்க் நகரம் வீடுகளில் நச்சு ஈயம் கலந்த பெயின்டுக்குத் தடை போட்டது 1960-இல். இந்த வீடுகள் அதற்கு வெகு காலம் முந்தியவை. ஜன்னல் சட்டம் உரசும் பள்ளத்தில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, விரல் வைத்தால் பொடி ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஆபத்து இருந்தால் சரிசெய்வது அவர் கடமை.

குளிரைப் பற்றிக் கோடையில் யாரும் கேட்பதில்லை. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பகலில் வீட்டுக்குள் 68 டிகிரியாவது இருக்க வேண்டும், இரவில் வெளியே எப்படி இருந்தாலும் 62. இல்லையென்றால் நகர நிர்வாகத்தின் 311 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யலாம். ஆனால் ஹீட்டர் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பண விஷயத்தில் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடாதீர்கள். 2019 சட்டப்படி அட்வான்ஸ் ஒரு மாத வாடகைதான், விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்கு மேல் கூடாது. வீட்டுக்காரர் அமர்த்திய புரோக்கருக்கு 2025 ஜூன் முதல் நீங்கள் கமிஷன் தர வேண்டியதில்லை.

அப்புறம், வீட்டை விற்கும் எண்ணம் உண்டா என்று உரிமையாளரிடம் நேராகவே கேளுங்கள். தக்க காரணமின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றுவதைத் தடுக்க 2024-இல் வந்த சட்டம் சிறு உரிமையாளர்களுக்குப் பொருந்தாது. ஒப்பந்தம் முடிந்ததும் அவர் புதுப்பிக்க மறுக்கலாம். நீங்கள் குடியிருந்த காலமும் ஒப்பந்தக் காலமும் ஓராண்டுக்குக் குறைவென்றால் 30 நாள், குடியிருந்தது ஓராண்டு தாண்டினாலோ ஒப்பந்தம் ஓராண்டுக்கு இருந்தாலோ 60, அதுவே இரண்டு ஆண்டு என்றால் 90 நாள் முன்னறிவிப்பு அவர் தர வேண்டும், அவ்வளவுதான்.