கொடுத்த கிட் திரும்பி வரணும்

கிளினிக்கில் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைப் பொறுப்பை நர்ஸான என்னிடம் கொடுத்தபோது, ஆய்வகம் நிராகரித்த சீட்டுகளை ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். திரும்பத் திரும்ப ஒரே காரணம்: மாதிரி எடுத்த தேதி இல்லை. கூச்சத்தை விட்டு மலமாதிரி எடுத்து, பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தவர்களை ஒரு தேதிக்காக மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறோம். யார்தான் திரும்ப வருவார்கள்?

அதனால் என் முதல் யோசனை இதுதான். மலமாதிரி எடுக்கும் கிட்டைக் கொடுக்கும்போதே பெயர், பிறந்த தேதி ஒட்டியை நீங்களே குழாயில் ஒட்டிவிடுங்கள். 'எடுத்த தேதி' என்ற இடத்தைப் பளிச்சென்ற நிறத்தில் வட்டமிடுங்கள். திரும்ப வாங்கும் கவுன்டரில் முதலில் அந்த வட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். கிட்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். அலமாரியில் பின்னால் இருப்பது எப்போதும் பழசு.

அடுத்தது, யாருக்குப் பரிசோதனை என்ற லிஸ்ட். அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2021இல் பரிசோதனை தொடங்கும் வயதை 50இலிருந்து 45 ஆக இறக்கியது. 75 வயது வரை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறது. உங்கள் நாட்டு வழிகாட்டுதல் வேறாக இருந்தால் அதன்படி லிஸ்ட் எடுங்கள். எடுத்த உடனே கிட்டை நீட்டிவிடாதீர்கள். கடந்த 10 ஆண்டுக்குள் கொலோனோஸ்கோபி (கேமரா உள்ள குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்து எல்லாம் சரியாக இருந்தவருக்கு இது தேவையில்லை. அவர்களில் பலர் வெளியே செய்திருப்பார்கள். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்த்தாலே, ஒரு கிட்கூடக் கொடுக்காமல், பரிசோதனை முடித்தவர்கள் என்ற உங்கள் சதவீதம் ஏறும். ஏமாற்று வேலை இல்லை, விட்டுப்போன கணக்கு. பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இந்தப் புற்றுநோய் வந்தவர்கள், முன்பு பாலிப் (குடலின் உள்சுவரில் வளரும் சிறு கட்டி) எடுத்தவர்கள், குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் ஆகியோரை மருத்துவரிடம் அனுப்புங்கள். பெரும்பாலும் கொலோனோஸ்கோபிதான் வேண்டியிருக்கும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை என்று சொல்பவருக்கும் கிட் கூடாது. அவருக்குத் தேவை நோயறியும் சோதனை.

எதைக் கொடுப்பது? மருத்துவர்களுக்குக் கொலோனோஸ்கோபி மேல் பிரியம் அதிகம். ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், அதை மட்டும் பரிந்துரைத்தபோது 38 சதவீதம் பேரே பரிசோதனையை முடித்தார்கள். மலப் பரிசோதனை சொன்னபோது 67, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது 69. ஆகவே இரண்டையும் சொல்லுங்கள். மலப் பரிசோதனை என்றால் இப்போது ஃபிட் (FIT), மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் சோதனை. மனித ஹீமோகுளோபினை மட்டும் கண்டுபிடிப்பதால், மலத்தை அட்டையில் தடவிப் பார்க்கும் பழைய குவாயக் சோதனை மாதிரி இறைச்சியை நிறுத்து, வைட்டமின் சி நிறுத்து என்ற தொல்லை கிடையாது. ஆனால் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். மருத்துவர் விரலால் பரிசோதிக்கும்போது கையுறையில் ஒட்டியதை வைத்து டெஸ்ட் செய்வதை இன்னும் சில இடங்களில் பார்க்கிறேன். அதை நம்பவே முடியாது, விட்டுவிடுங்கள்.

கொடுப்பதற்கு மருத்துவருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். தகுதியானவருக்கு நர்ஸே கொடுக்கலாம் என்று நிலையான உத்தரவு ஒன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ளூ ஊசி போடவந்தவர் கையோடு கிட்டும் வாங்கிப் போகட்டும்.

பேச்சு விஷயத்தில் எனக்குச் செய்துகாட்டுவதுதான் கைகொடுக்கிறது. மேசையில் பழுப்பு நிறக் களிமண் உருண்டை ஒன்று வைத்திருக்கிறேன். கழிப்பறையில் காகிதம் விரித்து மலம் தண்ணீரில் படாமல் பிடிப்பது, குச்சியின் நுனியால் நாலைந்து இடத்தில் கீறுவது, நுனியில் உள்ள பள்ளம் நிறைந்தால் நிறுத்துவது. நிறைய எடுத்தால் நல்லது என்று அள்ளிப் போடுபவர்கள் உண்டு. சிரித்துக்கொண்டே திருத்துவேன்.

"சிஸ்டர், எனக்கு ஒண்ணும் செய்யலையே, எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் செய்யாதப்பவே பார்க்கிறதுதான் இது. பாலிப் புற்றுநோயா மாற பல வருஷம் ஆகும், அதுக்குள்ள எடுத்துடலாம்" என்பேன். அதற்கு மேல் பேசினால் பயந்துவிடுகிறார்கள்.

கிட் போன தேதியை நோட்டில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் வரவில்லை என்றால் போன். அப்புறம் கடிதம், அப்புறம் இன்னொரு போன். கிளினிக் பக்கமே வராதவர்களுக்குத் தபாலில் கிட் அனுப்பலாம்.

பாசிட்டிவ், அதாவது மலத்தில் ரத்தம் இருக்கிறது என்று வந்தவர்களுக்குத் தனி நோட்டு. "மூலத்து ரத்தமா இருக்கும், இன்னொரு தடவை செய்து பார்ப்போம்" என்பார்கள். சில சமயம் நம் ஆட்களே சொல்வார்கள். மறுபடி ஃபிட் செய்யக் கூடாது, அடுத்தது கொலோனோஸ்கோபிதான். 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், 10 மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடம் புற்றுநோய் அதிகமாகவும் முற்றிய நிலையிலும் இருந்தது. தள்ளிப்போவதற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை. மயக்கமருந்து கொடுப்பதால் துணைக்கு ஆள் வேண்டும், லீவு கிடைக்க வேண்டும், குடலைக் காலிசெய்யும் மருந்தை எப்படிக் குடிப்பது என்று புரிய வேண்டும். அதனால் நோட்டில் 'கூட வருபவர் யார்?' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அது காலியாக இருந்தால் தேதி வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

அப்பாயின்ட்மென்ட் வாங்கியாயிற்று என்று நான் வரியை அடிப்பதில்லை. கொலோனோஸ்கோபி ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் அடிப்பேன். வெள்ளிக்கிழமை மாலை அடிக்காமல் கிடக்கும் பெயர்களுக்குத்தான் திங்கள் காலையில் என் முதல் போன்.