பழங்காலக் கட்டடங்களை இரவில் படமெடுக்க: நீண்ட எக்ஸ்போஷருக்கான தொடக்கநிலைச் செய்முறை

இரவுப் படம் என்பதற்காக நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 4 முதல் 6 பாகை வரை இறங்கியிருக்கும்போது வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். அப்போது விளக்கொளியும் வானத்தின் வெளிச்சமும் ஓரளவு ஈடாக இருப்பதால், கட்டடத்தின் மேல்விளிம்பு வானத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும். வானம் முழுக்கக் கறுத்துவிட்டால், விளக்கு படாத பகுதிகளெல்லாம் இருளோடு இருளாகிவிடும். இந்த நீல வேளை சீக்கிரம் கடந்துவிடும் என்பதால் சூரியன் மறையும் முன்பே சென்று இடம் பார்த்துக்கொள்ளுங்கள். முக்காலிக்கு அனுமதி உண்டா என்பதையும் முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது முக்காலி. கால்களின் தடித்த பகுதிகளை முதலில் நீட்டுங்கள். நடுத்தண்டை உயர்த்தினால் அதிர்வு கூடும், எனவே அதைத் தொட வேண்டாம். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்களும் தூண்களும் பின்னோக்கிச் சரிவதுபோலத் தெரியும் என்பதால், சற்றுப் பின்னே தள்ளி நின்று கேமராவை மட்டமாக வைப்பது நல்லது. லென்ஸில் அதிர்வுத் தடுப்பு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

ஃபோகஸுக்கு, விளக்கு படும் ஒரு சிற்ப விளிம்பையோ கல் இணைப்பையோ திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் துல்லியப்படுத்திய பிறகு, மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். இல்லையெனில் ஷட்டரை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கேமரா இருட்டில் மீண்டும் தேடத் தொடங்கும்.

இனி எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குள் எவ்வளவு ஒளியை விடுவது என்பது. ரா கோப்பு (கேமரா பதிந்த ஒளித் தகவலைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு), அளவுகளை நாமே அமைக்கும் மேனுவல் முறை, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 என்று தொடங்கலாம். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை ஊகிப்பதைவிடக் கணக்கிடுவதே எளிது. முதலில் ஐஎஸ்ஓவை 6400-க்கு உயர்த்திச் சோதனைப் படங்கள் எடுங்கள்; அரை நொடியில் வெளிச்சம் சரியாக வந்தால், ஐஎஸ்ஓ 100-க்கு அதைப்போல் 64 மடங்கு, அதாவது 32 நொடி தேவை. பல கேமராக்களில் 30 நொடிதான் உச்ச அளவு. இங்கே அதுவே போதும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் பல்ப் முறையும் (நாம் விரும்பும் வரை ஷட்டரைத் திறந்து வைக்கும் முறை) ரிமோட்டும் வேண்டும். ரிமோட் இல்லாதவர்கள் 30 நொடிக்குள் எடுக்கும் படங்களுக்கு 2 நொடி டைமரை வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு நீண்ட நேரத்தில் நடந்துகொண்டே இருப்பவர்கள் பெரும்பாலும் படத்தில் பதிவதில்லை. கூட்டம் நிறைந்த முற்றம்கூட வெறிச்சோடித் தெரியும். ஆனால் ஓரிடத்தில் நின்று பேசுபவர் மங்கலான உருவமாகப் பதிவார்.

திரையை மட்டும் நம்பாதீர்கள். இருட்டில் அது உள்ளதைவிடப் பிரகாசமாகத் தெரியும். படத்தின் இருளை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலப்பக்கத்தைப் பாருங்கள். விளக்கின் மையம் வெளுத்துப்போனால் பரவாயில்லை, அதை ஒட்டிய சுவரின் கல் விவரம் வெளுக்கக் கூடாது. சோடிய விளக்கின் அடர்மஞ்சளைப் பிறகு ரா கோப்பில் குறைக்கலாம். முற்றிலும் வெண்மையாக்கினால் கல் உயிரிழந்துபோகும் என்பது என் கருத்து.

சுவர் வெளுக்கிறது, மேற்பகுதியோ இன்னும் இருளாக இருக்கிறது என்றால், முக்காலியை அசைக்காமல் 30 நொடி, 8 நொடி, 2 நொடி என மூன்று படங்கள் எடுத்துப் பின்னர் மென்பொருளில் இணைத்துக்கொள்ளுங்கள்.