நூற்புழுவை ஒடுக்கும் பூஞ்சை: தொழு உரத்தில் பெருக்கி மண்ணில் சேர்க்கும் முறை

உரம் போட்டும் செடி மஞ்சளடித்து நிற்கிறது, வெயில் ஏறினால் வாடுகிறது, மாலையில் நிமிர்கிறது. தக்காளி, கத்தரி, வெண்டையில் இப்படி இருந்தால் மருந்து வாங்க ஓடாதீர்கள். வேரைப் பாருங்கள்.

படி 1: வேரைப் பார்ப்பது

செடியை இழுத்துப் பிடுங்கினால் நுனிவேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் பெயர்த்து எடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேரே மணிமணியாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழுதான், அதாவது வேருக்குள் புகுந்து வாழும் மிக நுண்ணிய புழு. பயறு வகைகளில் மட்டும் கவனம். வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்து, விரலால் தேய்த்தால் உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அது தழைச்சத்து சேர்க்கும் ரைசோபியம் முடிச்சு. அதை விட்டுவிடுங்கள்.

படி 2: எதை வாங்குவது

என் தேர்வு பர்ப்பூரியோசிலியம் லைலாசினம் என்ற பூஞ்சை. பெசிலோமைசிஸ் என்ற பழைய பெயரிலும் பாக்கெட் கிடைக்கும். 2011-இல் பெயர் மாறியது, சரக்கு ஒன்றுதான். பெண் நூற்புழு வேரின்மேல் பசை போன்ற பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். இந்தப் பூஞ்சை அந்த முட்டை ஓட்டைக் கரைத்துத் துளைத்து உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். பொக்கோனியா என்ற பூஞ்சை கிடைத்தால் அதுவும் நல்லதே. வேரிலும் குடியேறும், தடித்த வித்துகளாக மண்ணில் நீண்ட நாள் தாங்கும்.

புழுவையே வலை பின்னிப் பிடிக்கும் ஆர்த்ரோபோட்ரிஸ் என்று ஒரு பூஞ்சை உண்டு. அது பிடிப்பதை 1888-லேயே ஸோஃப் என்ற ஜெர்மானியர் பதிவு செய்திருக்கிறார். நுண்ணோக்கியில் பார்க்க அருமை. ஆனால் தொடங்குகிறவர்களுக்கு முட்டையைத் தின்னும் பூஞ்சைதான் வசதி.

எந்தப் பாக்கெட்டானாலும் காலாவதித் தேதியைப் பாருங்கள். உள்ளே இருப்பது உயிர். வெயில் படும் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தால் வாங்கவே வேண்டாம்.

படி 3: பெருக்குவது (பலருக்கும் சறுக்கும் இடம்)

பொடியை நேராக மண்ணில் தூவினால் பெரும்பாலும் வீண். பூஞ்சைக்குத் தின்ன ஏதாவது வேண்டும், நிழலும் ஈரமும் வேண்டும். அதற்குத்தான் தொழு உரம். ஒரு டன்னுக்கு 2 கிலோ பொடி என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதாவது 100 கிலோவுக்கு 200 கிராம். பாக்கெட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கூடவே பத்தில் ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு.

எரு நன்றாக மக்கியிருக்க வேண்டும். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் இன்னும் வெந்துகொண்டிருக்கிறது. அந்தச் சூட்டில் பூஞ்சை செத்துவிடும். இதற்குப் பிடித்தது 25 முதல் 30 டிகிரி. சாணி நாற்றம் போய் மண் வாசனை வரும்வரை காத்திருங்கள்.

அடுத்து ஈரம். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது, கட்டைவிரலால் தட்டினால் உடைய வேண்டும். சொட்டினால் காற்றில்லாமல் அழுகும்; உருண்டையே பிடிக்கவில்லை என்றால் பூஞ்சை வளராது. நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பு எனக்குப் பிடிக்காது, உள்ளே புழுங்கும். வாரம் ஒருமுறை கிளறி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்து, 15 நாள் வையுங்கள்.

கிளறும்போது முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அரிதாக இந்தப் பூஞ்சை கண்ணில் தொற்றும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுவது நல்லது.

படி 4: மண்ணில் சேர்ப்பது

நடவுக்கு முன்பே போட வேண்டும். குஞ்சுப்புழு வேருக்குள் புகுந்துவிட்டால் பூஞ்சைக்கு எட்டாது. முடிச்சு விழுந்த செடியை இது மீட்காது. அடுத்தடுத்த தலைமுறையைத்தான் குறைக்கும். வெப்பமான மண்ணில் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும் என்பதால் அந்தக் குறைப்பே பெரிய விஷயம். நாற்றங்கால் கலவையில் கொஞ்சம், நடவுக் குழியில் ஒரு கைப்பிடி. போட்டதும் மண்ணால் மூடித் தண்ணீர் விடுங்கள்.

பின்சேர்க்கை: வேம் (VAM, வேரோடு கூடி வாழும் பூஞ்சை) பற்றி

"வேம் பூஞ்சையையும் இதே குவியலில் கலந்து பெருக்கலாமா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். கூடாது. அது உயிருள்ள வேரில் மட்டுமே பெருகும், எருவில் பெருகாது. விதைக்கும்போதோ நடும்போதோ வேரைத் தொடும்படி தனியாக வையுங்கள். வேர் எட்டாத இடத்தில் கிடக்கும் மணிச்சத்தை அதன் இழைகள் கொண்டுவந்து கொடுக்கும். மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் செடி வேம் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளாது. முட்டைக்கோஸ், கடுகு, பீட்ரூட், ஸ்பினாச் கீரை ஆகியவற்றின் வேரில் வேம் ஒட்டவே ஒட்டாது, அவற்றுக்கு வாங்காதீர்கள்.

கார்பென்டசிம் ஊற்றிய கையோடு இவற்றைப் போட்டவர் ஒருவர், ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருந்தார். அது பூஞ்சைக்கொல்லி ஆயிற்றே! இரண்டுக்கும் நடுவே சில வாரமாவது இடைவெளி விடுங்கள்.