செட்டில் ஆவதும் ‘செட்டில் இன்’ ஆவதும்

இந்த செப்டம்பரில் படிக்கவோ வேலைக்கோ இங்கிலாந்து போகிறவர்களுக்கும், போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஸ்வெட்டர், குக்கர், பருப்புப் பொடி பற்றியெல்லாம் சொல்ல உங்கள் வீட்டிலேயே ஆள் இருப்பார்கள். நான் சொல்ல வந்தது ஒரு சின்ன ஆங்கிலப் பிரயோகம், செட்டில் இன். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுவதற்குள் வாயில் பழக்கிக்கொண்டு விடுங்கள்.

‘செட்டில்’ நமக்குப் புதிய சொல்லே இல்லை, சிக்கலே அதுதான். மாம்பலத்தில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் ‘பையன் கனடாவில் செட்டில் ஆயிட்டான்’ என்று பக்கத்து இலையிலிருந்து காதில் விழும், அதற்குள் வேலை, வீடு, விசா, பெண்டாட்டி பிள்ளை எல்லாமே அடக்கம். முடிந்த காரியம் அது. ஆங்கிலத்தில் பின்னால் ஒரு ‘இன்’ சேர்ந்ததும் அது முடியாத காரியமாகிவிடுகிறது, அதாவது இன்னும் நடந்துகொண்டிருக்கிற காரியம். எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு, பால் எங்கே வாங்குவது, பஸ் எங்கே நிற்கும் என்பதில் தொடங்கி, ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிற அளவுக்கு மனசு ஒட்டுவது வரை முதல் சில வாரங்களில் நடக்கிறதே, அதற்குப் பெயர்தான் செட்டில் இன். அதனால்தான் பெரும்பாலும் ‘செட்லிங் இன்’ என்றே கேட்பார்கள். ‘ஹவ் ஆர் யூ செட்லிங் இன்?’ வேகமாகச் சொல்லும்போது ‘செட்லிங்கின்’ என்று ஒரே சொல்லாக விழும், முதல் தடவை புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள்.

தமிழில் இதற்கு நேரான கேள்வி இல்லாமல் இல்லை. கல்யாணமாகி ஒரு வாரம் ஆன பெண்ணிடம் ‘என்னம்மா, வீடெல்லாம் பழகிடுச்சா?’ என்று பெரியவர்கள் கேட்பார்களே, அதேதான்.

2011-ல் நாங்கள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்குக் குடிபோன மூன்றாவது நாள், பக்கத்து வீட்டு வயதான அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கையில் தோட்டக் கத்தரியோடு, ‘ஆர் யூ செட்லிங் இன் ஓகே?’ என்று கேட்டார். எனக்குப் பந்தியில் கேட்ட ‘செட்டில்’தான் ஞாபகம் வந்தது. குறை சொல்வது போல் ஆகிவிடக் கூடாதே என்று ‘எஸ், எஸ், வி ஆர் செட்டில்ட்’ என்றேன். அவர் சிரித்து ‘லவ்லி’ என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு. வீட்டில் ஹீட்டரைப் போடத் தெரியவில்லை, குப்பைத் தொட்டியை எந்த நாள் தெருவில் வைக்க வேண்டும் என்று தெரியவில்லை. இரண்டு தடவை குப்பை வண்டி எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார், கேட்பதற்கு அவரே கதவைத் திறந்தும் வைத்தார், நான் ‘செட்டில்ட்’ என்று சொல்லி அதைச் சாத்திவிட்டேன்.

இதே கேள்விக்கு அதற்கு எட்டு வருஷம் முன்னால், சென்னையில், நான் சரியாகப் பதில் சொல்லியிருந்தேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. 2003-ல் கல்யாணமாகி திருநெல்வேலியிலிருந்து திருவல்லிக்கேணிக்கு வந்தேன். ஊரே தண்ணீருக்கு அல்லாடிய வருஷம். தெருமுனையில் லாரி வந்து நிற்கும், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொரு குடத்தின் கழுத்திலும் அடையாளத்துக்கு ஒரு துணிக் கிழிசலோ கயிறோ கட்டியிருக்கும். எனக்கு அந்த வரிசையின் கணக்கு பிடிபடவில்லை. கீழ் வீட்டு அக்கா என்னைப் பார்த்து ‘இன்னாம்மா, ஊரு பயகிடுச்சா?’ என்றார். ‘இன்னும் இல்லக்கா, தண்ணி எப்போ வரும்னே தெரியல’ என்றேன். அடுத்த நாள் காலையில் என் குடம் அவர் குடத்துக்குப் பின்னால் இருந்தது, கழுத்தில் அவரே கட்டிவிட்ட ஊதா ரிப்பனோடு.

ஆகவே யாராவது கேட்டால் பதில் இப்படி இருக்கட்டும்: ‘ஸ்டில் செட்லிங் இன், தேங்க்ஸ்’ என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஒரு சின்னக் கேள்வி. ‘விச் டே டு த பின்ஸ் கோ அவுட்?’ போதும். அவர்கள் ஊரில் இது குறை சொல்வதும் இல்லை, இயலாமையைக் காட்டுவதும் இல்லை. பெரிய கஷ்டத்தை அந்த வேலியோரத்தில் கொட்ட வேண்டாம், ஒரு குப்பைத் தொட்டி அளவு கேள்வி கேளுங்கள்.

இலக்கணம் கொஞ்சம்தான். ‘செட்டில் இன்’ தனியாக நிற்கும். எதில் என்று சொல்ல வேண்டுமென்றால் ‘இன்டு’ ஆகிவிடும், ‘செட்லிங் இன்டு த நியூ ஜாப்’. ‘செட்டில் டவுன்’ என்றால் கல்யாணம் குடும்பம் என்று ஓரிடத்தில் நிலைப்பது, கத்துகிற பிள்ளைகளை அடங்கச் சொல்வதும் அதுவே. மெஸ் பாக்கியைக் கொடுத்து கணக்கை செட்டில் பண்ணுகிறோமே, அது ‘செட்டில் அப்’. ‘செட்டில் ஃபார்’ மட்டும் ஜாக்கிரதை. ‘ஐ செட்டில்ட் ஃபார் திஸ் ரூம்’ என்று வீட்டுக்காரரிடம் சொன்னால், நல்லது கிடைக்காததால் இதை ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தம், அவருக்கு முகம் சுருங்கும். இந்த அறையைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல ‘செட்டில்ட் ஆன்’. அப்புறம், அங்கே விசா விஷயத்தில் ‘செட்டில்ட்’ என்பது சட்டச் சொல், காலக்கெடு இல்லாமல் தங்கும் உரிமை உள்ளவரைக் குறிக்கும். படிக்கப் போனவர் எந்தப் படிவத்திலும் தன்னை அப்படிக் குறித்துவிடக் கூடாது.

கூடவே ‘ஃபிட் இன்’ என்று ஒன்று காதில் விழும். டாக்டர் கிளினிக்குக்கு போன் செய்தால் ‘வி கேன் ஃபிட் யூ இன் அட் த்ரீ’ என்பார்கள். மூன்று மணிக்கு நடுவில் உங்களை நுழைத்துப் பார்த்துவிடுகிறோம் என்பது அதன் பொருள், உடற்பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆட்களோடு சேர்த்துச் சொல்லும்போது கூட்டத்தோடு ஒட்டுவது என்றாகும். ‘ஷி ஃபிட்ஸ் இன் வெல்’ என்று மேனேஜர் சொன்னால் நல்ல வார்த்தை. ஆனால் ‘ட்ரையிங் டு ஃபிட் இன்’ என்பதில் ஒரு வருத்தம் ஒளிந்திருக்கிறது, பிறர் ஏற்க வேண்டும் என்று தன்னையே வெட்டிக்கொள்கிற வருத்தம். முதல் வருஷத்தில் ‘ஃபிட் இன்’ பின்னால் ஓடாதீர்கள் என்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் கூட்டம் பப்புக்குக் கிளம்பினால் கூடப் போங்கள், ஆரஞ்சு ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள், பேச்சு தானாக வரும். ‘ஃபிட் இன்’ பிறர் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது, ‘செட்டில் இன்’ உங்கள் கையில் இருப்பது.

போன வாரம் என் அண்ணன் மகள் எங்கள் வீட்டுச் சமையலறை மேடை மேல் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளில் கிளம்புகிறாள். ‘சரி அத்தை, யாருமே வந்து கேட்கலைன்னா?’ என்றாள். நியாயமான கேள்விதான், எல்லாத் தெருவிலும் கத்தரியோடு ஓர் அம்மா நிற்கமாட்டார். கேட்காவிட்டால் முதல் வாரத்திலேயே, வெளிச்சம் இருக்கும்போது, பக்கத்துக் கதவை நீயே தட்டு என்றேன். ‘ஹாய், ஐ ஹேவ் ஜஸ்ட் மூவ்ட் இன் நெக்ஸ்ட் டோர்.’ அதற்கு அடுத்த வாக்கியத்தை அவர்களே கேட்பார்கள், ‘ஓ, ஹவ் ஆர் யூ செட்லிங் இன்?’