மே விடுமுறைக்கு எந்தத் தீவு? முதன்முறை செல்வோருக்கான தேர்வு வழிமுறை

சில ஆண்டுகளுக்கு முன்பு மே மாதத்தின் கடைசி வாரத்தில் என் தாயாரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அந்தமானுக்குச் சென்றிருந்தேன். ஹேவ்லாக் என்று நாம் அறிந்த ஸ்வராஜ் துவீப்பை அடைந்த மறுநாளே கடல் கொந்தளித்துப் படகுகள் நின்றன. விடுதி அறையின் சன்னல் வழியே மழையைப் பார்த்தபடி இரண்டு நாட்கள் கழிந்தன. தீவின்மீது குறையில்லை. பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்துவிட்டு, அந்த மாதத்தில் அந்தக் கடலில் எந்தக் காற்று வீசும் என்று நான் கேட்காததே காரணம். அதனால் இந்த வழிமுறையைக் காற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

முதற்படி: மாதத்தை எழுதிவைத்து, காற்றின் திசையைப் பாருங்கள்

ஒரு தாளில் நீங்கள் செல்லக்கூடிய நாட்களை எழுதுங்கள். நம் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் மூன்று வாய்ப்புகளே உண்டு: கோடை விடுமுறை, செப்டம்பர் இறுதியை ஒட்டிய காலாண்டு விடுமுறை, டிசம்பர் இறுதியின் அரையாண்டு விடுமுறை. நம்மைச் சுற்றியுள்ள கடல்களில் ஆண்டுக்கு இருமுறை காற்று திசை மாறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளக் கரையை ஜூன் 1-ஆம் தேதியை ஒட்டித் தொடுவது வழக்கம். ஆனால் அதற்கு முன்பே, மே மூன்றாம் வார அளவில், அது தெற்கு அந்தமான் கடலை எட்டிவிடும். கேரளத்தின் தேதியை மனத்தில் வைத்து அந்தமானுக்கு முன்பதிவு செய்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அந்தமானுக்கு ஜனவரி முதல் மே முதல் வாரம் வரை ஏற்ற காலம். ஏப்ரலில் வெயில் கடுமையாக இருந்தாலும் கடல் அமைதியாக இருக்கும். லட்சத்தீவுக்கு அக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை செல்லலாம். மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம், மே முதல் நவம்பர் வரை மழைப் பருவம். ஆகவே மே பிற்பகுதியில் மட்டுமே விடுப்புக் கிடைக்கும் என்றால், நம்மவர் நாவில் முதலில் வரும் இந்த மூன்று பெயர்களையும் தயங்காமல் ஒதுக்கிவைத்துவிட்டு, காற்றுக்கு மறைவான கரை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

அப்படித் தேடும்போது முதலில் கிடைக்கும் விடை இலங்கையின் கிழக்குக் கரை. தென்மேற்குக் காற்று கொண்டுவரும் மழை தீவின் நடுவிலுள்ள மலைகளின் மேற்குச் சரிவில் பெருமளவு பெய்துவிடுகிறது. அங்கிருந்து கிழக்கே இறங்கும் காற்று உலர்ந்து, சூடாகி வருகிறது. மட்டக்களப்பு மக்கள் கச்சான் என்று அழைக்கும் காற்று இதுவே. அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர நீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. திருகோணமலையை அடுத்த உப்புவெளி, நிலாவெளி, அதற்குத் தெற்கே பாசிக்குடா ஆகியவை மே முதல் செப்டம்பர் வரை நல்ல நிலையில் இருப்பதற்குக் காரணம் இதுதான். டிசம்பர் முதல் மார்ச் வரை நிலைமை தலைகீழ்: அப்போது பெந்தோட்டை, உனவட்டுன, மிரிஸ்ஸ ஆகிய தென்மேற்குக் கரைகள் தெளிவாக இருக்கும், கிழக்குக் கரையில் வாடை எனும் வடகிழக்குப் பருவக்காற்றின் மழை பெய்யும்.

தாய்லாந்திலும் இதே கணக்கு உண்டு. புக்கெட், கிராபி ஆகியவை மேற்கே அந்தமான் கடலை நோக்கியிருப்பதால் மே முதல் அக்டோபர் வரை மழையும் அலையும் மிகுதி; கிழக்கே வளைகுடாவிலுள்ள கோ சமுய், கோ தாவ் ஆகியவற்றுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. மலேசியாவின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகள் மூடப்பட்டிருக்கும். ஒரே நாடு என்றாலும் கரை மாறினால் பருவமும் மாறும் என்பதால், விளம்பரத்தில் நாட்டின் பெயர் மட்டும் இருந்தால் எந்தக் கரை என்று கேட்டறிந்த பிறகே பணம் செலுத்துங்கள்.

இரண்டாம் படி: தீவின் உருவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மாலத்தீவும் லட்சத்தீவும் பவழத்தால் உருவான தாழ்ந்த தீவுகள். அவற்றில் காற்றைத் தடுக்க மலை இல்லை. ஆனால் பவழப் பாறை வளையம் வெளியலையை உடைத்துவிடுவதால், உள்ளே அடங்கிய நீர்ப்பரப்பான களப்பு ஆழமின்றித் தெளிவாக இருக்கும். நீந்தத் தெரியாதவர்கள் இடுப்பளவு நீரில் நின்றபடியே மீன்களைப் பார்க்கக்கூடிய இடங்கள் இவை. குறை என்னவென்றால், சிறிய தீவாக இருந்தால் அரை மணி நேரத்தில் சுற்றிவந்துவிடலாம். மூன்றாம் நாள் பிள்ளைகள் சலிப்படையக்கூடும். அந்தமானும் இலங்கையும் காடு, குன்று, கோவில், கடைத்தெரு எல்லாம் உள்ள நிலங்கள். கடலை மட்டுமே விரும்பாதவர் குழுவில் ஒருவராவது இருந்தால் இவையே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

பவழத்தைப் பார்ப்பதற்காகவே செல்வோர் பழைய படங்களை நம்ப வேண்டாம். 1998-லும் 2016-லும் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானதால் மாலத்தீவு, லட்சத்தீவு ஆகியவற்றின் ஆழமற்ற பவழங்கள் பெருமளவில் வெளுத்து இறந்தன. சில இடங்களில் மீண்டும் வளர்ந்தன, சில இடங்களில் வளரவில்லை. கடந்த ஓராண்டுக்குள் சென்றவர் எடுத்த படத்தைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: விமான நிலையத்திலிருந்து கரை வரையுள்ள செலவையும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

விமானக் கட்டணம் பாதிக் கணக்குதான்; விமான நிலையத்திலிருந்து கடற்கரை வரை செல்லும் வழியே பல குடும்பங்களின் திட்டத்தைக் குலைக்கிறது. மாலத்தீவில் தொலைவான சொகுசு விடுதிகளுக்குக் கடல்விமானத்தில் செல்ல வேண்டியிருக்கும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும் என்பதால், மாலையில் வந்திறங்கினால் அன்றிரவு தலைநகர் மாலே பக்கம் தங்கும் செலவு கூடும். கடல்விமானக் கட்டணமும் சில வேளைகளில் சென்னையிலிருந்து வந்த விமானக் கட்டணத்தை மிஞ்சிவிடும். மாஃபுஷி போன்ற உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் உள்ள விருந்தினர் இல்லங்களுக்கு விரைவுப் படகிலேயே செல்லலாம், செலவும் பன்மடங்கு குறையும். ஆனால் அங்கே மது கிடையாது, ஒதுக்கப்பட்ட கடற்கரை தவிர மற்ற இடங்களில் உடல் மறைக்கும் உடை அணிய வேண்டும். கொழும்பிலிருந்து பாசிக்குடாவுக்குச் சாலை வழியாக ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து ஸ்வராஜ் துவீப்புக்குக் கப்பலின் வேகத்தைப் பொறுத்து ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் ஆகும்.

அனுமதிகளைப் பொறுத்தவரை, லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி தேவை. அது கைக்கு வராமல் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். மாலத்தீவில் இந்தியர்களுக்கு வந்திறங்கும்போதே இலவச விசா கிடைக்கும் என்றாலும், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையவழி அறிவிப்பை நிரப்ப வேண்டும். இலங்கைக்கு முன்கூட்டியே இணையத்தில் பயண அனுமதி பெறுங்கள்.

நான்காம் படி: உடன் வருபவர்களை நினைத்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள்

தீவு முடிவான பிறகும் வேலை இருக்கிறது. பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்தாலும் ஆழம் அதிகரிக்காது என்பதால் சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன். அங்கே தமிழிலேயே பேசிக் காரியம் முடிக்கலாம், சோறும் குழம்பும் தேட வேண்டியதில்லை. ஆனால் கச்சான் வீசும் நாட்களில் காற்றடைத்த மிதவைகளைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அலை இல்லாத கடல் பாதுகாப்பானது போலத் தோன்றும். நிலத்திலிருந்து வீசும் காற்றோ ஒரு மிதவையைச் சில நிமிடங்களில் ஆழத்தை நோக்கித் தள்ளிவிடும்.

அந்தமானில் கவனிக்க வேண்டியது ஓதம், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. நீல் தீவு என்ற ஷஹீத் துவீப்பில் நீர் வற்றியதும் பாறையே கரையாகிவிடுவதால் குளிக்க முடியாது. நீங்கள் செல்லும் நாளின் ஓத அட்டவணையை முன்கூட்டியே பார்த்து, நீர் ஏறியிருக்கும் நேரத்தைக் குளிப்பதற்கும் வற்றியிருக்கும் நேரத்தைப் பாறைகளிடையே உயிரினங்களைப் பார்ப்பதற்கும் ஒதுக்குங்கள். டிசம்பரில் அந்தமானில் மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும் என்பதால், ஸ்வராஜ் துவீப்பில் மேற்கு நோக்கிய ராதாநகர் கடற்கரைக்கு நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் முழங்கால் அளவு நீரில்கூட இறங்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஒரு நாளை மிச்சம் வையுங்கள்

திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை விமான நிலையம் உள்ள தீவிலேயே கழிக்கும்படி திட்டமிடுங்கள். படகு நின்றால் விமானம் காத்திருக்காது. பணம் செலுத்துவதற்கு முன்பு விடுதிக்குத் தொலைபேசியில் பேசி மூன்றைக் கேளுங்கள்: நாங்கள் வரவிருக்கும் இதே வாரத்தில் கடந்த ஆண்டு படகு நின்றதா, விடுதிக்கு முன்னாலேயே குளிக்கலாமா அல்லது வண்டியில் வேறு கரைக்குப் போக வேண்டுமா, படகு ஓடாமல் நாங்கள் வர முடியாவிட்டால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். மூன்றாவது கேள்விக்கான விடையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.