"தெரியுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள்

தேவனாம்பட்டினத்திலிருந்து கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்த ஒரு அம்மாவுக்கு, வலி தெரியாமல் மரத்துப்போக முதுகில் ஊசி போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வயிற்றைத் தொட்டு, "தெரியுதாம்மா?" என்றேன். "நல்லாத் தெரியுது டாக்டரம்மா" என்றார். மருந்து பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி முழு மயக்கம் கொடுத்துவிட்டேன். மறுநாள் வார்டில், "வலிக்குதுன்னு நான் சொல்லலையே, கை படுறதைத்தானே சொன்னேன்" என்றார். தேவையில்லாத மயக்கம் அது. இன்னும் உறுத்துகிறது.

கடலூரில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லித்தருகிறேன்: நரம்பின் வேலைகள் ஒன்றாக மரத்துப்போவதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

மருந்து உள்ளே போய் முடிந்த நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். ரத்தக்குழாயைச் சுருக்கிவைக்கும் நரம்பு விழுந்ததும், அதாவது வேலையை நிறுத்தியதும், பாதம் வெதுவெதுப்பாகிவிடும். "கால் கதகதன்னு இருக்கு" என்று அவர்களே சொல்வார்கள். உடனே பிரஷர் பாருங்கள், இறங்கத் தொடங்கியிருக்கும்.

அடுத்தது ஸ்பிரிட் பஞ்சு. முதலில் தோளில் வைத்து, "இந்த ஜில்லு ஞாபகம் வச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள். பிறகு தொடையிலிருந்து மேலே நகர்த்தி, "அதே ஜில்லு எங்க வருது?" என்று கேளுங்கள். முனை மழுங்கிய ஊசியாலும் அப்படியே, தோல் கிழியாமல். "குத்துதா, வெறுமனே படுதா?" என்பதே கேள்வி. கடைசியாக வெறும் பஞ்சால் வருடுங்கள். குத்தல் போன இடத்திலும் வருடல் தெரியும். பெரும்பாலும் ஜில்லு போன எல்லை, குத்தல் போன எல்லையைவிட மேலே நிற்கும். எல்லையை முதுகுத்தண்டு நரம்பின் எண்ணால் குறிக்கிறோம்: தொப்புள் T10, முலைக்காம்பு T4. சிசேரியனுக்கு T4 வரை ஏற வேண்டும்.

கால் எவ்வளவு அசைகிறது என்று பார்க்க பிரோமேஜ் கணக்கு: நீட்டிய காலைத் தூக்க முடிந்தால் 0, முழங்கால் மட்டும் மடங்கினால் 1, பாதம் மட்டும் அசைந்தால் 2, எதுவுமே இல்லையென்றால் 3.

இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை, ஒரே ஆள், ஒரே பக்கம் பாருங்கள். முதுகில் போடும் ஹெவி புபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து வேகமாகப் பிடிக்கும். அசந்தால் வரிசையே தெரியாது. மெல்லிய நரம்புதான் முதலில் விழும் என்று மனப்பாடம் செய்வதும் போதாது. உறையில்லாத மெல்லிய C நரம்புகள் ஆய்வகத்தில் மருந்துக்கு லேசில் அடங்குவதில்லை. மருந்தின் செறிவு, நரம்பு எவ்வளவு நீளத்துக்கு மருந்தில் நனைகிறது என்பதும் சேர்ந்துதான் வரிசையைத் தீர்மானிக்கின்றன.

கத்தி வைக்கும் முன் நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்: "கை படுறதும் இழுக்குறதும் தெரியும்மா, வலி தெரியாது. வலிச்சா உடனே சொல்லுங்க." வார்டில் கால் அசைந்ததும் எழுப்பி நிறுத்தாதீர்கள். பிரஷரைத் தாங்கும் நரம்பு அதற்குள் முழுசாகத் திரும்பாமல் இருக்கலாம். முதலில் உட்காரவைத்து பிரஷர் பாருங்கள்.